நிழல்களிலிருந்து உருவம்

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையார் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து தவறி விழுந்தார். மருத்துவமனையில் முதலில் தலையை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மண்டையோட்டில் முறிவு எதுவும் இல்லை என்றார்கள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மருத்துவர் மட்டும், "வாந்தி எடுக்கிறார், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஸ்கேன் ஒன்று உடனே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்" என்றார். என் தாய்மாமன் என்னைத் தனியே அழைத்தார். "நீதான் காலேஜில் சயின்ஸ் படிக்கிறாயே. ஒரு படம் எடுத்தாயிற்று, எலும்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதே தலைக்கு இன்னொரு படம் எதற்கு? சொல்லு பார்க்கலாம்" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எனக்குத் தெரியவில்லை என்றால் எங்கள் வீட்டில் வேறு யாரிடம் கேட்பது? ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தம் கட்டியிருந்தது. அன்றிரவே அறுவை மருத்துவம் நடந்தது. இன்று தந்தையார் நலமாக இருக்கிறார். ஆனால் மாமாவின் கேள்வி என்னை விடவில்லை. முதல் படத்திற்குத் தெரியாதது இரண்டாவது படத்திற்கு எப்படித் தெரிந்தது? இரண்டுமே எக்ஸ் கதிர்கள்தாமே? அந்தக் கேள்விக்கு நூலகத்தில் தேடி நான் கண்ட விடையே இக்கட்டுரை.

நிழலின் குறை

ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 ஆம் நாள் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில் தம் மனைவியின் கையை அக்கதிர்களால் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அப்படத்தில் தெரிந்தன. இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901 இல் அவருக்கே கிடைத்தது. உயிருள்ள உடலை வெட்டாமல் அதன் உள்ளே பார்க்க மனிதன் கற்றுக்கொண்ட முதல் தருணம் அது.

ஆனால் எக்ஸ்ரே படம் என்பது உண்மையில் ஒரு நிழலே. மாலை வெயிலில் இருவர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் சுவரில் ஒரே நிழல்தான் விழும். முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார், இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை நிழல் சொல்லாது. ஒரு பந்தின் நிழலும் ஒரு தட்டின் நிழலும் வட்டமாகவே இருக்கும். மூன்று பரிமாணமுள்ள உடலை இரண்டு பரிமாணமுள்ள தாளில் அழுத்தும்போது ஆழம் என்ற ஒன்று அடியோடு தொலைந்து போகிறது.

தலையைப் பொறுத்தவரை இன்னொரு தொல்லையும் உண்டு. மண்டையோடு கெட்டியான எலும்பு. அது கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மூளையும் கசிந்த இரத்தமும் கதிர்களைத் தடுக்கும் அளவில் மிகச் சிறிய வேறுபாடே உடையவை. எலும்பின் அடர்ந்த நிழலுக்குள் அந்தச் சிறு வேறுபாடு மறைந்துவிடும். என் தந்தையாரின் முதல் படம் எலும்பைப் பற்றிச் சொன்னது உண்மைதான். எலும்புக்கு உள்ளே இருந்ததைப் பற்றிச் சொல்ல அதனால் இயலவில்லை.

முன்னாளில் மருத்துவர்கள் இதற்குப் பட்ட பாடு கொஞ்சமன்று. முதுகுத் தண்டின் வழியாக மூளையைச் சூழ்ந்த நீரை வடித்து, அங்கே காற்றைச் செலுத்தி, அதன்பின் எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்கு அது தாங்க முடியாத தலைவலியைத் தரும். 1927 இல் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் கழுத்து இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தி, மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் வழியைக் கண்டார். இம்முறைகளிலும் மூளை நேராகத் தெரியவில்லை. அருகிலுள்ள பொருள்கள் இடம் பெயர்ந்திருப்பதைக் கொண்டு, அங்கே ஏதோ இருக்கிறது என்று ஊகித்தார்கள். அவ்வளவே.

நான்கு பெட்டிப் புதிர்

தொலைந்த ஆழத்தை மீட்க வழி உண்டா? உண்டு. ஒரு நிழலால் முடியாததைப் பல நிழல்களால் செய்யலாம். இதற்கு ஒரு சிறு புதிர் போதும்.

ஒரு சதுரத்தை நான்கு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வோம். மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. பெட்டிகளைத் திறக்கக் கூடாது. கூட்டுத்தொகைகள் மட்டுமே நமக்குத் தெரியும். மேல் வரிசையின் கூட்டல் 7, கீழ் வரிசை 8. இடப்பக்க நிரல் 9, வலப்பக்க நிரல் 6. எண்கள் எவை?

மேலே 5, 2. கீழே 4, 4 என்று வைத்தால் நான்கு கூட்டல்களும் சரியாக வருகின்றன. ஆனால் மேலே 4, 3. கீழே 5, 3 என்று வைத்தாலும் சரியாகவே வருகின்றன. மேலே 6, 1; கீழே 3, 5 என்றாலும் அப்படியே. ஆகவே இரண்டு திசைகளில் பார்த்தது போதவில்லை. இப்போது மூன்றாவது திசையாக மூலைவிட்டத்தில் பார்ப்போம். மேல் இடப்பெட்டியையும் கீழ் வலப்பெட்டியையும் கூட்டினால் 9 என்று தெரிந்தால், முதல் விடை மட்டுமே நிற்கும். மற்ற இரண்டும் 7, 11 என்று தந்து தோற்றுவிடும். பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே இருப்பதை உறுதியாகச் சொல்லிவிட்டோம்!

உடலின் ஒரு குறுக்குத் துண்டைப் பல சிறு பெட்டிகளாகக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு பெட்டியும் எக்ஸ் கதிரை ஓரளவு தடுக்கிறது. அந்தத் தடுக்கும் அளவே பெட்டியில் மறைந்திருக்கும் எண். மெல்லிய கதிர் ஒன்றை ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்தால், அந்தக் கோட்டில் உள்ள பெட்டிகளின் கூட்டல் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதல் பெட்டி பாதியை விடுகிறது, இரண்டாவது பெட்டி மிஞ்சியதில் பாதியை விடுகிறது என்றால், வெளிவருவது கால் பங்கு. அதாவது இங்கே நடப்பது பெருக்கல். அதைக் கூட்டலாக மாற்ற நாம் பள்ளியில் படித்த மடக்கை கைகொடுக்கிறது. மடக்கை எடுத்ததும் பெருக்கல் எல்லாம் கூட்டலாகி, புதிர் நம் நான்கு பெட்டிப் புதிராகவே ஆகிவிடுகிறது. எதற்கு இந்த மடக்கை என்று தேர்வுக்கு முதல்நாள் சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

ஒருவரையொருவர் அறியாத மூவர்

இப்புதிரின் பொதுவான விடையை ஒருவர் 1917 ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டார். அவர் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடான். ஒரு தளத்தின் மேல் அமைந்த சார்பு ஒன்றின் மதிப்பை எல்லா நேர்கோடுகளின் வழியாகவும் தொகையிட்டு வைத்திருந்தால், அச்சார்பை முழுமையாக மீட்டுவிடலாம் என்று அவர் நிறுவினார். அவர் நோயாளியை நினைத்து அதை எழுதவில்லை. அது தூய கணிதம். ராடான் 1956 இல் மறைந்தார். தம் கணிதம் மருத்துவமனைக்குப் போகும் என்பதை அறியாமலேயே அவர் மறைந்தார்.

அதே 1956 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆலன் கார்மக் என்ற இயற்பியல் விரிவுரையாளர் இருந்தார். அந்நகரின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பணியாற்றிய இயற்பியலாளர் விலகிவிட்டதால், வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே சென்று கதிரியக்கப் பொருள்களின் பயன்பாட்டை மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்கு வந்தது. புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் செய்யும்போது, உடல் முழுதும் ஒரே சீரான பொருள் என்று கருதிக் கணக்கிடுவதை அவர் கண்டார். எலும்பும் நுரையீரலும் தசையும் ஒன்றா? உடலுக்குள் எங்கே எவ்வளவு தடுப்பு என்பதை வெளியிலிருந்தே அளக்க முடியாதா என்று அவர் சிந்தித்தார். கணக்கைத் தாமே போட்டு விடையும் கண்டார். ராடான் முன்பே செய்துவிட்டார் என்பது அவருக்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

1957 இல் அவர் செய்த சோதனை மிக எளியது. நடுவே அலுமினிய உருளை, அதைச் சுற்றி மரவளையம். கதிரைச் செலுத்தி அளந்து கணக்கிட்டபோது, அலுமினியத்தின் நட்ட நடுவில் மட்டும் எண் சற்று மாறி வந்தது. பிழையோ என்று பட்டறையில் விசாரித்தார். அந்த உருளையின் நடுவே, தடுக்கும் திறன் சற்றுக் குறைந்த வேறோர் அலுமினிய முளை செருகப்பட்டிருந்தது தெரிய வந்தது. செய்த தொழிலாளிக்கு மட்டுமே தெரிந்த இரகசியத்தைக் கணக்கு காட்டிக் கொடுத்துவிட்டது.

1963 இலும் 1964 இலும் கார்மக் தம் ஆய்வை வெளியிட்டார். மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. படி கேட்டு எழுதியவர்களுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் என்று அவர் தம் நோபல் உரையில் நகைச்சுவையோடு குறிப்பிட்டுள்ளார்.

மூன்றாமவர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டில் 1919 இல் பிறந்து, ஐந்து குழந்தைகளில் கடைசியாக வளர்ந்தவர். முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். போர்க்காலத்தில் விமானப் படையில் ரேடார் பணி கற்று, பிறகு மின் பொறியியல் பயின்று, 1951 இல் இ.எம்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு பெட்டிக்குள் இருப்பதைப் பல கோணங்களிலிருந்து அளந்து கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் 1967 இல் அவருக்கு எழுந்தது. ராடானையும் கார்மக்கையும் அவர் அறியார்.

பழைய லேத் ஒன்றின் மேல் அவர் தம் முதல் கருவியை அமைத்தார். கதிர் வலுவற்றதாக இருந்ததால் ஒரே ஒரு துண்டை அளக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஏறத்தாழ 28,000 அளவீடுகளைக் கணிப்பொறி இரண்டரை மணி நேரம் கணக்கிட்டது. எக்ஸ் கதிர்க் குழாயைப் பொருத்தியபின் ஒன்பது நாள் ஒன்பது மணி நேரமாகக் குறைந்தது. கசாப்புக் கடையில் வாங்கிய மாட்டு மூளையே அவருக்கு முதற்கட்டச் சோதனைப் பொருள்.

1971 அக்டோபர் 1 ஆம் நாள் இலண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட ஒரு பெண்மணி அக்கருவியில் படுத்தார். டாக்டர் ஜேம்ஸ் ஆம்புரோஸ் உடனிருந்தார். கதிர் ஒவ்வொரு பாகை திரும்பும்போதும் 160 அளவீடுகள், 180 பாகைகள், ஆக மொத்தம் 28,800 அளவீடுகள். அவற்றைக் கொண்டு கண்டறிய வேண்டியவை 80 வரிசை, 80 நிரல், அதாவது 6,400 பெட்டிகளின் எண்கள். நம் நான்கு பெட்டிப் புதிரின் அண்ணன் இது! அளவீடுகளை நாடாவில் பதித்து வேறிடத்திலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பிக் கணக்கிட்டார்கள். வந்த படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. உயிருள்ள மனிதரின் மூளைக்குள் இருந்த நோய், காற்றும் மருந்தும் செலுத்தாமல் கண்ணுக்குத் தெரிந்தது.

1979 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கார்மக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் இயற்பியலாளர், மற்றவர் பொறியாளர். இருவரும் மருத்துவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம்மவர் பங்கு

இவ்வரலாற்றில் நாம் பெருமைப்படத்தக்க ஒரு பெயர் உண்டு. அது பேராசிரியர் கோ.நா. இராமச்சந்திரன், உலகம் அறிந்த ஜி.என். இராமச்சந்திரன். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்று, கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழை அமைப்பை இங்கிருந்தே உலகிற்குச் சொன்னவர். 1970 வரை சென்னையில் பணியாற்றிய பின் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்றார். அவரும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும் 1971 இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணக்கை எளிமையாக்கியது.

சிக்கல் என்னவென்று பார்ப்போம். ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பித் தாளில் பூசிக்கொண்டே போனால் உருவம் வந்துவிடும் என்று தோன்றும். வரும், ஆனால் கலங்கலாக வரும். ஒரே ஒரு புள்ளி இருக்கும் இடத்தில், எல்லாத் திசைக் கோடுகளும் வெட்டிக்கொண்டு, நடுவில் அடர்த்தியும் சுற்றிலும் கறையுமாக நிற்கும். மை சொட்டிய தாளைப் போல.

இக்கறையை நீக்க, பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் திருத்திக்கொள்ள வேண்டும். அதுவரை பலர் கையாண்ட ஃபூரியர் உருமாற்ற முறைக்கு அக்காலக் கணிப்பொறிகளில் மிகுந்த நேரம் பிடித்தது. இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் தந்த விதியோ மிக எளிது. ஒவ்வோர் அளவீட்டிலும் கால் பங்கை வைத்துக்கொள். இருபுறமும் ஒற்றைப்படைத் தொலைவிலுள்ள அளவீடுகளில் ஒரு சிறு பங்கைக் கழி. இரட்டைப்படைத் தொலைவில் உள்ளவற்றைத் தொடாதே. கழிக்கும் பங்கு தொலைவின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறையும். தொலைவு 1 என்றால் பை வர்க்கத்தின் தலைகீழி, தொலைவு 3 என்றால் அதில் ஒன்பதில் ஒன்று, 5 என்றால் இருபத்தைந்தில் ஒன்று என்று தொடரும்.

இங்கே கணித நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒன்பதில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று என்று ஒற்றைப்படை வர்க்கங்களின் தலைகீழிகளை முடிவின்றிக் கூட்டினால் பை வர்க்கத்தில் எட்டில் ஒரு பங்கு வரும் என்று நாம் படித்திருக்கிறோம். அதைப் பை வர்க்கத்தால் வகுத்தால் எட்டில் ஒன்று. இருபுறமும் சேர்த்தால் சரியாகக் கால்! வைத்துக்கொண்டதும் கால், கழித்ததும் கால். ஆகவே சீராகப் பரவிய கறை ஒன்றோடொன்று சமன்பட்டு மறைகிறது. தாளும் பென்சிலும் எடுத்து இதைச் சரிபார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்னும் இருவர் 1967 இல் இதையொத்த வழியைத் தனியே கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் இன்று உலகெங்கும் பாடநூல்களில் இத்திருத்தம் இவர்கள் இருவர் பெயரின் முற்பகுதிகளைச் சேர்த்து 'ராம்-லாக் வடிகட்டி' என்றே வழங்குகிறது. இம்முறையும் இதன் வழிவந்தவையும் பல பத்தாண்டுகள் சி.டி. கருவிகளின் உயிர்நாடியாக விளங்கின. இன்று வலிமை மிக்க கணிப்பொறிகள் வந்து புதிய முறைகள் சேர்ந்திருந்தாலும், மாணவர் முதலில் கற்பது இதைத்தான்.

துண்டுகளிலிருந்து கனம்

இதுவரை சொன்னது ஒரு துண்டின் கதை. டோமோகிராஃபி என்ற பெயரிலேயே உள்ள 'டோமோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் துண்டு என்று பொருள். வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கி, நறுக்கியவற்றை வரிசை மாறாமல் மீண்டும் அடுக்கினால் முழுக்காயும் வந்துவிடுகிறது அல்லவா? அதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் துண்டுப் படங்களை அடுக்கினால் மூன்று பரிமாணக் கனம் கிடைக்கிறது. தட்டைச் சதுரங்கள் இப்போது சிறு கனசதுரங்கள் ஆகின்றன. இவற்றை 'வாக்சல்' என்பர். ஒரு துண்டில் 512 வரிசை, 512 நிரல், அத்தகைய 300 துண்டுகள் என்றால் ஏறத்தாழ 7 கோடியே 86 லட்சம் கனசதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்.

1989 வாக்கில் புதிய மாற்றம் வந்தது. படுக்கை மெல்ல நகர, கதிர்க்குழாய் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கதிரின் பாதை திருகாணியின் புரி போல உடலைச் சுற்றி வரும். இடைவெளியின்றிக் கனம் முழுவதும் அளக்கப்பட்டுவிடும். பின்னர் ஒரே சுற்றில் பல துண்டுகளை அளக்கும் கருவிகள் வந்தன. ஒன்பது நாள் பிடித்த வேலை இன்று சில விநாடிகளில் முடிகிறது.

எண்கள் சேர்ந்தபின் அவற்றை எப்படி வேண்டுமானாலும் காணலாம். குறுக்கே வெட்டலாம், நெடுக்கே வெட்டலாம், சாய்வாகவும் வெட்டலாம். குறிப்பிட்ட எண்ணுக்கு மேலுள்ளவற்றை மட்டும் காட்டு என்றால் தோலும் தசையும் மறைந்து எலும்புக்கூடு மட்டும் திரையில் நின்று சுழலும். வெட்டுவது எண்களைத்தான். நோயாளிக்கு ஒரு கீறலும் இல்லை.

இந்த எண்களுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. நீருக்குச் சுழி. காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்புக்குக் கழித்தல் 100 அளவில். கெட்டி எலும்புக்கு 1000 ஐ ஒட்டியும் அதற்கு மேலும். மூளைத் திசுவுக்கு 20 முதல் 40 வரை. புதிதாக உறைந்த இரத்தத்திற்கு 50 முதல் 80 வரை. என் மாமாவின் கேள்விக்கு விடை இதோ இங்கே இருக்கிறது! மூளைக்கும் உறைந்த இரத்தத்திற்கும் உள்ள வேறுபாடு, ஆயிரத்தைத் தாண்டும் எலும்பின் நிழலுக்குள் புதைந்துவிடும் அளவு சிறியது. ஆனால் ஒவ்வொரு கனசதுரத்தின் எண்ணையும் தனித்தனியே கண்டுவிட்டால், பக்கத்தில் எலும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 30 வேறு, 60 வேறுதான். தம் கருவி பழைய எக்ஸ்ரே முறையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு கூர்மையானது என்று ஹவுன்ஸ்ஃபீல்டு 1973 இல் எழுதினார்.

காந்தம் பாடும் பாட்டு

எக்ஸ் கதிரே இல்லாமலும் கனத்தைக் காணலாம். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள். வலிய காந்தப் புலத்தில் அவை பம்பரம் தலையாட்டுவது போல ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழல்கின்றன. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தில் அது விநாடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை. அதே அதிர்வெண்ணில் வானொலி அலை தந்தால் அவை அதை ஏற்று, பிறகு திருப்பி ஒலிக்கின்றன.

எந்த இடத்திலிருந்து அந்த ஒலி வருகிறது என்று அறிவது எப்படி? 1973 இல் அமெரிக்க வேதியியலாளர் பால் லாட்டர்பர் வழி சொன்னார். காந்தப் புலத்தை ஒரு பக்கம் சற்று வலுவாகவும் மறுபக்கம் சற்று மெலிவாகவும் அமைத்தால், இடத்திற்கு இடம் அதிர்வெண் மாறும். வீணைத் தந்தியில் மெட்டுக்கு மெட்டு சுருதி மாறுவதைப் போல. சுருதியைக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடலாம். அவர் முதலில் எடுத்தது நீர் நிரப்பிய இரண்டு சிறு குழாய்களின் படம். நான்கு திசைகளில் நிழல் எடுத்து, அவற்றிலிருந்து உருவத்தை மீட்டார். கதிர் மாறினாலும் கணக்கு அதே கணக்குதான். இவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003 இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை, தண்டுவடம், மூட்டுகளின் மெல்லிய திசுக்களைக் காண எம்.ஆர்.ஐ. எனப்படும் இம்முறைக்கு நிகரில்லை.

மருத்துவமனைக்கு வெளியே

நிழல்களிலிருந்து உருவம் காணும் இவ்வழி மருத்துவத்தோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் டி ரோசியர், ஏரன் குளுக் இருவரும் 1968 இல் மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் வாலை மூன்று பரிமாணத்தில் மீட்டார்கள். குளுக்குக்கு 1982 இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அவ்வழியில் வளர்ந்த உறைநிலை மின்னணு நுண்ணோக்கியே 2020 இன் தொடக்கத்தில் கொரோனா வைரஸின் முள் புரதம் எப்படி இருக்கிறது என்று காட்டியது.

1901 இல் கிரேக்கக் கடலடியில் ஒரு பழங்கப்பலிலிருந்து எடுத்த ஆண்டிகிதேரா என்னும் வெண்கலப் பொறி துருவேறிக் கட்டியாகிக் கிடந்தது. உடைத்தால் உள்ளிருப்பது பாழாகும். 2005 இல் சுமார் 8 டன் எடையுள்ள எக்ஸ் கதிர்க் கருவியை ஏதென்ஸ் அருங்காட்சியகத்திற்கே கொண்டு சென்று அதைக் கனமாகப் படம் பிடித்தார்கள். உள்ளே புதைந்திருந்த பற்சக்கரங்களும், ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் காணாத எழுத்துகளும் தெரிந்தன.

அதனினும் வியப்பானது இஸ்ரேலில் என்கெதி என்னுமிடத்தில் 1970 இல் கிடைத்த சுருள். தீயில் கருகிக் கரிக்கட்டையாகிவிட்ட அதைத் தொட்டால் உதிரும். அதைக் கனமாகப் படம் பிடித்து, சுருளின் ஏடுகளைக் கணிப்பொறிக்குள்ளேயே பிரித்து விரித்தார்கள். விவிலியத்தின் லேவியராகமப் பகுதி அதில் படிக்கக் கிடைத்தது. 2016 இல் இது முழுமையாக வெளியிடப்பட்டது. யாரும் திறக்காத ஏட்டை உலகம் படித்துவிட்டது.

அளவறிந்து பயன்படுத்துக

இத்தனை சிறப்பிருந்தும் ஒன்றை மறக்கலாகாது. எக்ஸ் கதிர் உடலுக்குள் புகுவது விளையாட்டன்று. நிலம், காற்று, உணவு, விண்வெளி இவற்றிலிருந்து இயற்கையாகவே உலக மனிதர் ஒருவர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்று தருவது 0.1 அல்லது அதற்கும் குறைவு. தலை சி.டி. ஒன்று தோராயமாக 2, மார்பு சி.டி. 6 அல்லது 7. பல நிழல்கள் வேண்டுமென்றால் பல முறை கதிர் பாய வேண்டும். இதுவே நாம் கொடுக்கும் விலை.

ஆகவே தலைவலி என்றதும் தாமாகவே சென்று ஸ்கேன் எடுத்துக்கொள்வது தவறு. குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். அதேபோல், தேவை என்று மருத்துவர் சொல்லும்போது அச்சத்தால் மறுப்பதும் தவறு. எம்.ஆர்.ஐ. கருவியில் இத்தகைய கதிர் இல்லை. ஆனால் அதன் காந்தம் இரும்புப் பொருள்களைப் பாய்ந்து இழுக்கும். உடலுக்குள் இதயத் துடிப்புக் கருவி போன்றவை வைத்திருப்போர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முடிவாக

மாணவ நண்பர்களே, இந்தக் கதையை எண்ணிப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. சி.டி. படம் ஒளிப்படம்போல் எடுக்கப்படும் படமன்று. கணக்கிட்டுக் காணப்படும் படம். கருவி தருவது வெறும் நிழல்களை. அவற்றை உருவமாக்குவது கணிதம். 1917 இல் ஒருவர் எழுதிய சூத்திரம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் காத்துக் கிடந்தது. ஒரு விரிவுரையாளரின் கட்டுரைகளைக் கேட்பாரில்லை. ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை பழைய லேத்தில் அதையே மீண்டும் கண்டார். சென்னையில் பாடம் சொன்ன பேராசிரியர் அதற்கு எளிய வழி வகுத்தார். இவர்களில் ஒருவரும் என் தந்தையாரை அறியார். ஆனாலும் அன்றிரவு அவரைக் காத்தவர்களில் இவர்களும் உண்டு.

"இந்தக் கணக்கைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று நம் வகுப்பில் அடிக்கடி ஒரு கேள்வி எழும். நானும் கேட்டிருக்கிறேன். இனிக் கேட்கமாட்டேன்.

சென்ற பொங்கலன்று மாமா வீட்டுக்கு வந்திருந்தார். தாளில் நான்கு பெட்டி வரைந்து, அந்தப் புதிரை அவரிடம் போட்டேன். மூலைவிட்டத்தின் கூட்டலைச் சொன்னதும் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அட! மேலே அஞ்சும் ரெண்டும், கீழே நாலும் நாலும்" என்றார். "மாமா, இரண்டாவது படம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்" என்றேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா தலையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டே சிரித்தார்.